வாசகர் கேள்வி பதில்: மெயினை அணைத்த பிறகும் வரும் மின்சாரம்

கேள்வி: எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மின்விசிறியில் கண்டன்சர் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறினார். ஆனாலும் அவருக்கு ஷாக் அடித்துவிட்டது. எங்கள் மெயின் ஸ்விட்சில் கோளாறா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: அவர் உயிர் பிழைத்ததே எனக்குப் பெரிய ஆறுதல். உங்கள் மெயின் ஸ்விட்சில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. மெயினை அணைத்தவுடன், மின்தடை வந்துவிட்டதாக எடுத்துக்கொண்ட உங்கள் இன்வெர்ட்டர், கண்ணிமைக்கும் நேரத்தில் பேட்டரிக்கு மாறி, அந்த மின்விசிறிக்கு 230 வோல்ட் மின்சாரத்தை அனுப்பியிருக்கும். அதற்காகத்தான் அதை வாங்கி வைத்திருக்கிறோம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மின்சாரம் வரும் வழிகள் இரண்டு என்பதை வீட்டில் உள்ளவர்களும், வேலைக்கு வருகிறவரும் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்தே ஆகவேண்டும்.

இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சை மட்டும் அணைத்தாலும் போதாது. மெயினில் மின்சாரம் இருக்கும்வரை அது இன்வெர்ட்டர் வழியாகவே விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் போய்க்கொண்டிருக்கும். ஆகவே டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, முன்பக்க ஸ்விட்ச், மெயின் ஆகிய இரண்டையும் அணைத்து, அதன்பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் சோதித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மெயின் போர்டின் மேல், "மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் மின்சாரம் வரும்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். நாளை வருபவர் புதிய ஆளாக இருக்கலாம்.

இதே காரணத்தால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தனி ஒயரிங் செலவை மிச்சப்படுத்த, இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரின் ஒரு முனையை இன்வெர்ட்டரிலும் மறுமுனையைச் சுவர் சாக்கெட்டிலும் செருகும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. செருகாத முனையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் கால்களில் மின்சாரம் இருக்கும். குழந்தையின் விரல் பட்டால் போதும். அதோடு, மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் வீட்டைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும். மின்வாரிய ஊழியர் கம்பத்தின் மேல் நிற்கும் நேரமாக அது இருந்தால் என்ன ஆகும்? தயவுசெய்து ஒரு நாளைக்குக்கூட அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: படிக்கட்டுக்கு அடியில் கதவு போட்ட சிறிய இடம் ஒன்று இருக்கிறது. பழைய செய்தித்தாள்களை அங்கேதான் அடுக்கியிருக்கிறோம். இன்வெர்ட்டரையும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியையும் அதற்குள் வைக்கலாமா? – ஈரோடு வாசகி

பதில்: இப்போது இருக்கும் நிலையில் வைக்க வேண்டாம். டியூபுலர் போன்ற தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. காற்றை விட லேசான அது மேலெழுந்து, படிக்கட்டின் சரிவான அடிப்பக்கத்தில் வெளியேற வழியின்றித் தங்கும். காற்றில் அதன் அளவு 4 விழுக்காட்டை எட்டினாலே ஒரு சிறு பொறியில் வெடிக்கக்கூடும். அந்தப் பொறியை இன்வெர்ட்டருக்குள் மின்சாரத்தை மாற்றிவிடும் ஸ்விட்சான ரிலேயே தந்துவிடலாம். செய்தித்தாள்களை அப்புறப்படுத்தி, கதவை எடுத்துவிட்டுக் கம்பிக் கிரில் போட்டு, மேற்பகுதியில் காற்று வெளியேற வழி செய்தால் அந்த இடத்தைப் பயன்படுத்தலாம். விளக்கேற்றும் பூஜையறையும் படுக்கையறையும் கூடவே கூடாது. பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடை இருக்கும் என்பதால், சக்கரம் வைத்த ட்ராலியில் வைத்தால் பின்னால் சுத்தம் செய்வது எளிது.

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே ஓடும் ஒயரைப் பலரும் கவனிப்பதில்லை. வீட்டில் 800 வாட் பயன்படுத்தினால் 230 வோல்ட் பக்கத்தில் மூன்றரை ஆம்பியர்தான் ஓடும். ஆனால் பேட்டரி இருக்கும் 12 வோல்ட் பக்கத்தில், இழப்பையும் சேர்த்தால், ஏறத்தாழ 80 ஆம்பியர் ஓடும். அதனால் கம்பெனி தந்த கனமான ஒயரை மெல்லிய ஒயரால் நீட்டி ஒட்டுப்போடக் கூடாது. என் வீட்டில் ஒருநாள் மாலை மின்தடை நீண்டபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. போய்ப் பார்த்தால் பாசிட்டிவ் முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து, ஒயர் முனையின் உலோக வளையமான லக்கின் நட்டு கையால் திருகினாலே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அருகே ஒயரின் உறை இளகிப்போயிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இன்வெர்ட்டரை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிட்டு, நட்டுகளை முடுக்கி, துடைத்து, வாசலின் தடவுங்கள். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் ஸ்பேனர் தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, கையிலிருக்கும் இரும்பு பழுத்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு வீட்டில், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கிறோம்; 350 வாட் என்று போட்டிருக்கிறது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? – நாகர்கோவில் வாசகி

பதில்: 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. இழப்பு போக 1,400 அளவுக்குக் கிடைக்கும் என்று கொண்டால், அது மட்டும் ஓடினால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். இது புதிய பேட்டரியின் கணக்கு; பழைய பேட்டரி பாதி நேரம்கூடத் தராமல் போகலாம். ஆகவே கணக்கை நம்பாமல், பகலில் நீங்கள் அருகில் இருக்கும்போது மெயினை அணைத்து ஓட்டிப் பாருங்கள். இன்வெர்ட்டர், மெயின் மின்சாரத்தைப் போலவே சீரான அலையாக மின்சாரம் தரும் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். நிரப்பிய ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பேட்டரி மட்டும் அப்பாவின் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: பேட்டரிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? – மதுரை வாசகர்

பதில்: கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும்; ஆர்.ஓ. தண்ணீரிலும் கொதிக்கவைத்த தண்ணீரிலும் உப்புகள் மிஞ்சியிருக்கும். மிதவை காட்டும் மேல்குறியைத் தாண்டி ஊற்றாதீர்கள். ஆசிட் பொங்கி வழியும். கண்ணாடி அணிந்துகொண்டு ஊற்றுங்கள். கண்ணில் தெறித்துவிட்டால் உடனே குழாயடியில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.