தம்பிக்குக் கால்சியம் மாத்திரை வேண்டாம்

வணக்கம். கல்யாண விருந்துக்கு மறுநாள் காலை தம்பிக்குக் கால் அசையவில்லை, இரத்தத்தில் பொட்டாசியம் 2.1, மரபணு அறிக்கையில் சிஏசிஎன்ஏ1எஸ் (CACNA1S) என்ற மரபணுவில் மாற்றம், கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுத்துப் பயனில்லை. அவருக்குக் குறைந்தது கால்சியம் அல்ல, பொட்டாசியம்.

இந்த மரபணு கை, கால் தசைகளின் சவ்விலுள்ள கால்சியம் வாயிலை உருவாக்குகிறது. மின்துடிப்பை அது உணர்ந்தால்தான் தசைக்குள் சேமித்த கால்சியம் வெளிவந்து தசை சுருங்கும். உணரும் பகுதியில் ஆர்ஜினின் என்ற ஓர் அமினோ அமிலம் மாறினால் சிறு மின்கசிவு உண்டாகும். பொட்டாசியம் குறையும்போது அந்தக் கசிவு தசையின் ஓய்வு மின்னழுத்தத்தைக் குலைத்து, சோடியம் வாயில்களை முடக்கிவிடும். தசை நரம்புக்குக் கட்டுப்படாது. நிறையச் சோறும் இனிப்பும் உண்டால் இன்சுலின் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். விருந்துக்குப் பின் முடக்கம் வந்தது அதனால்தான். கடும் உழைப்புக்குப் பிந்தைய ஓய்விலும் வரும்.

அடுத்த முறை வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனை போங்கள். "குளுக்கோஸ் டிரிப் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அது பொட்டாசியத்தை இன்னும் இறக்கும். விழுங்க முடிந்தால் வாய்வழிப் பொட்டாசியம் குளோரைடுதான் நல்லது. ஈசிஜி பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும், ஏனென்றால் செல்லுக்குள் போன பொட்டாசியம் இரத்தத்துக்குத் திரும்பி வரும்போது அளவு மிஞ்சிவிடக்கூடும்.

தைராய்டு பரிசோதனை செய்தாயிற்றா? ஆசிய ஆண்களில் தைராய்டு அதிகம் சுரப்பதாலும் இதே முடக்கம் வரும். எந்த அறுவைக்கும் முன் மயக்க மருத்துவரிடம் இந்த அறிக்கையைக் கட்டாயம் காட்டுங்கள். இதே மரபணுவின் சில மாற்றங்கள், மயக்க மருந்தால் உடல்சூடு உயிருக்கு ஆபத்தாக ஏறுவதற்குக் காரணமாகின்றன.