சைக்காலஜி: மூன்று ஆண்டுக் கணக்கா, ஏழு ஆண்டுக் கணக்கா?

கேள்வி: பல்லடத்தை அடுத்த கிராமத்தில் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறேன். பிளஸ் டூ முடிக்கும் மகள், படித்தால் பி.எஸ்சி. சைக்காலஜிதான் என்கிறாள். கோவையில் விசாரித்த சுயநிதிக் கல்லூரியில் ஆண்டுக்குக் கட்டணம் 75,000 ரூபாய், விடுதிக்கு 90,000 ரூபாய் என்றார்கள். "அம்மிணியைப் பி.காம். சேர்த்தால் ஆடிட்டர் அலுவலகத்திலாவது வேலை கிடைக்கும்" என்கிறார் என் மைத்துனர். போட்ட பணம் திரும்புமா?
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை, பல்லடம் வட்டம்

பதில்: நீங்கள் எழுதியபடி மூன்று ஆண்டுக்கு 4,95,000 ரூபாய் ஆகிறது. அதில் 2,70,000 ரூபாய், அதாவது பாதிக்கு மேல், படிப்புக்கல்ல, தங்குவதற்கு. பல்லடத்திலிருந்து கோவைக்குத் தினமும் பேருந்தில் போய்ப் படிக்கும் பிள்ளைகள் ஏராளம் என்பதால், விடுதியை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணச் சுமை வெகுவாகக் குறையும். மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும்.

உங்கள் கணக்கில் விடுபட்டிருப்பது வேறொன்று. இளநிலைப் பட்டம் மட்டும் பெற்றவர் உளவியலாளர் ஆவதில்லை. முதுநிலை இரண்டு ஆண்டு. அதற்குமேல், மனநோயாளிகளைச் சோதித்து உளச்சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டுமானால், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்றுக்கொண்ட பயிற்சியை முடித்து அதன் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். இதுநாள் வரை அது இரண்டு ஆண்டு எம்.ஃபில். படிப்பாக இருந்தது, பெங்களூரிலுள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் தேசிய நிறுவனம் போன்ற குறிப்பிட்ட நிறுவனங்களில் மட்டுமே நடந்ததால் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிகளில் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டு, இந்தத் துறைக்கு மட்டும் சில ஆண்டு விலக்கு அளித்தது. ஆகவே உங்கள் மகள் அந்தக் கட்டத்தை எட்டும்போது படிப்பின் பெயரும் வடிவமும் மாறியிருக்கும். கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று அன்று பார்த்துச் சேர்வதே பாதுகாப்பு. மூன்று, இரண்டு, இரண்டு என ஏழு ஆண்டு ஆகிறது. நெடுக்கு நூலான பாவை மட்டும் பூட்டி, குறுக்கே ஓட வேண்டிய ஊடைக்கு நூல் வாங்கப் பணமில்லாமல் நிற்கும் தறி என்ன செய்யும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே என் யோசனை இது: இளநிலைக்குச் சிக்கனமான கல்லூரியைத் தேடுங்கள், கையிருப்பையும் கல்விக் கடனையும் முதுநிலைக்கு மிச்சம் வையுங்கள். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் கேட்கப்படுவதில்லை. சுயநிதிக் கல்லூரியின் குளிரூட்டிய வகுப்பறைக்காக அந்தக் கடன் தொகையை முதல் மூன்று ஆண்டிலேயே செலவழித்துவிடுவது, என் பார்வையில், தவறான முதலீடு.

வரவு எப்படி? முதுநிலை முடித்தவருக்குப் பள்ளி ஆலோசகர் பணி உண்டு. ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது சி.பி.எஸ்.இ. வாரியத்தின் இணைப்பு விதியிலேயே இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்திலும் உளவியலாளர்கள் வேலை பார்க்கிறார்கள், ஆனால் ஒப்பந்த அடிப்படையில். தொடக்க வருமானத்தைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். தனியாக ஆலோசனை மையம் வைப்பவருக்கு ஆட்கள் தேடிவரச் சில ஆண்டுகள் பிடிக்கும், அதுவரை வீட்டின் தாங்கல் தேவை. இளநிலையோடு நின்றாலும் குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வுகளை எழுதத் தடையில்லை. அந்த விஷயத்தில் பி.காம். படிப்பும் இதுவும் ஒன்றே. ஆடிட்டர் அலுவலக வேலைக்கு மட்டும் உங்கள் மைத்துனர் சொல்வது சரி.

பணத்துக்கு முன் மகளிடம் கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு. தோழிகளின் மனக்குறையைப் பொறுமையாகக் கேட்பதால் இந்தப் படிப்பு தனக்கு வரும் என்று நினைத்துச் சேரும் பிள்ளைகள் பலர். உள்ளே போனபின் புள்ளியியல், நரம்பு மண்டலத்தின் இயக்கம், ஆய்வகச் சோதனைகள் என்று பாடம் விரியும்போது தளர்ந்துவிடுகிறார்கள். பாடத்திட்டத்தைக் கல்லூரியில் வாங்கி, அவளோடு உட்கார்ந்து படியுங்கள். அதன்பிறகும் ஐந்து ஆண்டாவது படிப்பேன் என்றால் சேர்த்துவிடுங்கள். மூன்று ஆண்டோடு படிப்பை நிறுத்தித் திருமணப் பேச்சை எடுக்கும் எண்ணம் வீட்டில் இருந்தால், அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுவது நியாயம்.

கேள்வி: திருப்பூர் பனியன் நிறுவனமொன்றில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வேலையை விடாமல் தொலைநிலையில் எம்.எஸ்சி. சைக்காலஜி படிக்கலாமா?
– வாசகி, அனுப்பர்பாளையம்

பதில்: இப்போது இயலாது, சகோதரி. 2021ஆம் ஆண்டின் தேசிய இணைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்துக்குள் உளவியல் வருவதால், 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலும் இணைய வழியிலும் இப்பாடத்துக்குப் புதிய சேர்க்கை கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. சலுகைக் கட்டணத்தில் இடமிருக்கிறது என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால், முன்பணம் கட்டாதீர்கள். உங்கள் நோக்கம் தற்போதைய வேலையில் உயர்வுதான் என்றால், மனிதவள மேலாண்மையில் தொலைநிலை எம்.பி.ஏ. உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும். உளவியலாளர் ஆவதுதான் விருப்பம் என்றால், இரண்டு ஆண்டுச் சம்பளத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, நேரடி வகுப்புக்குப் போகத்தான் வேண்டும்.