முட்டி தட்டுகிறது, காதில் சீழ் வந்திருக்கிறது: ராணுவ மெடிக்கலில் தேறுவேனா?

கேள்வி: எனக்கு வயது 19. ஊர் தேனி மாவட்டம். அக்னிவீர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன், அடுத்த மாதம் ஆள்சேர்ப்பு முகாம். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 20 வினாடியில் ஓடுகிறேன். பயமெல்லாம் மெடிக்கல் மேல்தான். நேராக நின்றால் இரண்டு முட்டியும் தட்டுகிறது. ஒரு மாதத்தில் சரியாக்குவதாகச் சொல்லி, எண்ணெய்க்கும் கட்டுக்கும் ஒருவர் 6,000 ரூபாய் கேட்கிறார். சின்ன வயதில் இடது காதில் சீழ் வரும், இப்போது இல்லை. உடையைக் கழற்றிப் பார்ப்பார்கள் என்கிறார்களே, அது எதற்கு?

பதில்: தம்பி, அந்த 6,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். எலும்பு நீளும் இடத்தில் இருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பு உங்கள் வயதில் அநேகமாக மூடியிருக்கும். அதற்குப் பிறகு தொடை எலும்பும் கால் எலும்பும் சேரும் கோணத்தை எண்ணெய் மாற்றாது. ராத்திரி காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுப்பதும், தொடைக்கு நடுவே தலையணை வைப்பதும் மாற்றாது. இறுக்கிக் கட்டிய கட்டால் கால் மரத்துப்போய் என்னிடம் வந்த பையன்கள் உண்டு.

அதைவிட முதலில் அளந்து பாருங்கள். வெறும் காலில் நேராக நில்லுங்கள். முட்டிச் சில்லு இரண்டும் நேர் முன்னே பார்க்கட்டும். முட்டிகள் லேசாகத் தொட்டால் போதும், அழுத்திச் சேர்க்காதீர்கள். இப்போது கணுக்காலின் உள்பக்க எலும்பு மேடுகள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை வீட்டில் யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் போனால்தான் தகுதிக் குறைவு. முட்டி தட்டுவதே குற்றம் என்று மைதானத்தில் பேசிக்கொள்வது தவறு. 3 சென்டிமீட்டர் இடைவெளியோடு ஓடிக்கொண்டிருக்கும் பையன் வீணாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே ஒரு விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. தொடை பருத்திருந்தால் கால்கள் இயல்பாகவே விலகி நிற்கும், அளவும் கூடுதலாகக் காட்டும். எடை குறைந்தால் அந்தக் கூடுதல் கொஞ்சம் குறையலாம். அளவு 8, 9 என்று வந்தால் என்ன செய்வது? எலும்பை வெட்டி நிமிர்த்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. வலியில்லாமல் ஓடுகிற காலுக்கு, வேலைக்காக மட்டும் அதைச் செய்துகொள்ளச் சொல்ல மாட்டேன். உள்ளே வைக்கும் பிளேட்டும் ஸ்குருவும் மெடிக்கலில் தனிப் பிரச்சினையாகும்.

தட்டைப் பாதமும் இதே கதைதான். நுனிக்காலில் எழுந்து நிற்கும்போது பாதத்தின் வளைவு திரும்பத் தெரிகிறதா, பாதம் வலியின்றி வளைந்து கொடுக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் இருந்தால் பெரும்பாலும் தடை இல்லை.

உங்கள் காதுதான் எனக்குக் கவலை. சின்ன வயதில் சீழ் வந்த காதில் செவிப்பறை ஆறி மூடியிருக்கலாம், சிறு ஓட்டை மிச்சமும் இருக்கலாம். வலியும் ஒழுக்கும் இல்லாததால் ஓட்டை இல்லை என்று அர்த்தமில்லை. முகாமில் விளக்கு வைத்துப் பார்க்கிற டாக்டருக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிடும். இந்த வாரமே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய், 'செவிப்பறை முழுசாக இருக்கிறதா?' என்று கேளுங்கள். அதுவரை எண்ணெய், சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள், குளத்தில் கிணற்றில் முங்கிக் குளிக்காதீர்கள். ஓட்டை இருந்தால் அறுவை சிகிச்சையில் அடைத்துவிடலாம், ஆனால் ஆறிப் பரிசோதனைக்கு நிற்க மாதங்கள் ஆகும். அடுத்த மாத முகாமுக்கு அது உதவாது. ஓட்டை இல்லை, அழுக்கு மட்டும்தான் என்றால் முகாமுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். முந்தின நாள் ஊக்கு, பட்ஸ் போட்டுக் குடைந்து, செவிக்குழாய் சிவந்து வீங்கிப் போய் நிற்பவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருப்பார்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன். உயரம், எடை, மார்பளவு பார்ப்பார்கள். பொதுப்பணி (ஜெனரல் டியூட்டி) வீரர் வேலைக்கு நம் பக்கத்துப் பையன்களுக்கு 166 சென்டிமீட்டர் உயரம், 77 சென்டிமீட்டர் மார்பு, மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். உங்கள் பிரிவுக்கான அறிவிப்பைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் ஒவ்வொரு கண்ணையும் தனியாக மூடிப் படிக்கச் சொல்வார்கள். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள். அவற்றைக் கைபேசியில் பார்த்து மனப்பாடம் செய்யும் வழக்கம் பெருகிவிட்டது. வரிசையை மாற்றிக் காட்டினால் அது அத்தோடு முடிந்தது. பிறவி நிறக்குறை பெரும்பாலும் தாய் வழியே மகனுக்கு வருவது, அதற்கு மருந்தும் கிடையாது. காதுக்கு, முதுகைக் காட்டி நிற்கவைத்து 610 சென்டிமீட்டர், அதாவது 20 அடி தூரத்திலிருந்து கிசுகிசுப்பதை ஒவ்வொரு காதாகக் கேட்கவைப்பது பழைய முறை. இன்றும் அதுதான் அளவுகோல். கையை நீட்டி மடக்கவும், குத்தவைத்து உட்கார்ந்து எழவும், விரல்களை விரிக்கவும் சொல்வார்கள். உள்ளங்கை சொட்டச் சொட்ட வியர்க்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

பல்லுக்குத் தனிக் கணக்கு உண்டு. மேலும் கீழும் ஜோடியாகப் பொருந்தும் பற்களுக்கு முன்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப் பல் என்றால் தலா 1, கடைவாய்ப் பல் என்றால் 2 புள்ளி. எல்லாம் சரியாக இருந்தால் 22, குறைந்தது 14 வேண்டும். ஆகவே சொத்தை இருந்தால் அடையுங்கள், அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். ஈறில் ரத்தம் வந்தால் சுத்தம் செய்துகொள்ளுங்கள். ஹான்ஸ், பான் மசாலா பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

இனி உடை விஷயம். ஜட்டியோடு நிற்கவைத்து முழு உடம்பையும் பார்ப்பார்கள். பிறகு மறைவில் அதையும் இறக்கச் சொல்வார்கள். விரைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா, ஓதம் (விரைப்பையில் நீர் கோத்தல்) இருக்கிறதா, விரை நரம்புகள் சுருண்டு புடைத்திருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பார்கள். இருமச் சொல்வது குடலிறக்கத்தைக் கண்டுபிடிக்க. திரும்பிக் குனியச் சொல்வது மூலம், பௌத்திரம் இருக்கிறதா என்று பார்க்க. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகாது. இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கக் காரணம், ஊரில் ஒரு மாத்திரையோடு சமாளித்துவிடும் மூலம், தண்ணீர் குறைந்த பாலைவன முகாமிலோ பனிமலைக் காவலிலோ வேறு மாதிரி நடந்துகொள்ளும். சுமை தூக்கி ஏறும்போது குடலிறக்கம் சிக்கிக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் ஆகலாம். நோய் இருக்கிறதா என்பதோடு, அந்த இடத்தில் அந்த நோய் என்ன செய்யும் என்பதே அவர்கள் கேள்வி. கூச்சம் எல்லோருக்கும் இருக்கும். அந்த டாக்டர் அன்று காலையிலிருந்து பார்த்த பையன்களின் வரிசையில் நீங்களும் ஒருவர், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காத ஒன்று. தினமும் ஓடுகிற பையன்களுக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை வருவது சகஜம். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், பிறகு வட்டம் பெரிதாகி வயிறு வரை ஏறும். அப்படி ஏதாவது இருந்தால் தோல் மருத்துவரிடம் இப்போதே போங்கள், ஆற வாரக்கணக்கில் ஆகும். ஈர டிராயரோடு உட்காராதீர்கள். மைதானத்தில் 'ஸ்டாமினா ஊசி' என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். ஊக்க மருந்து பிடிபட்டால் ஓட்டமும் போயிற்று, தேர்வும் போயிற்று.

ரத்த அழுத்தம் பயத்திலேயே 140ஐத் தாண்டும் வயசு உங்களுடையது. முந்தின இரவு தூங்குங்கள். காலையில் காபி, எனர்ஜி பானம் வேண்டாம், தண்ணீர் குடியுங்கள். படபடப்பைக் குறைக்கிறேன் என்று யாருடைய மாத்திரையையும் வாங்கிப் போடாதீர்கள். உட்காரவைத்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

முகாமில் 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் அங்கேயே அழுதுவிட்டு பஸ் ஏறிவிடாதீர்கள். பல குறைகளுக்கு ராணுவ மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரிடம் மறுபரிசோதனைக்குச் சீட்டு கொடுப்பார்கள். எந்த மருத்துவமனை, எந்தத் தேதிக்குள் என்று அதில் இருக்கும். அவகாசம் சில நாள்தான், நழுவவிட்டால் வாய்ப்பு போய்விடும். அங்கே அவர்கள் பார்த்துச் சொல்வதே முடிவு. நான் எழுதித் தரும் சான்றிதழ் உங்கள் மனசுக்குத்தான், அவர்களைக் கட்டுப்படுத்தாது. இந்த நேரத்தில்தான் வாசலில் 'மெடிக்கலை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஆள் வருவான். பத்துப் பேரிடம் பணம் வாங்குவான். தானாகத் தேறியவர்களின் பணத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து நல்ல பெயர் எடுப்பான். உள்ளே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

கணுக்கால் இடைவெளியை அளந்து, காது மருத்துவர் எழுதித் தந்ததையும் சேர்த்து எழுதுங்கள். ஓட்டை இருக்கிறது என்று வந்தால் அறுவை சிகிச்சையை எப்போது வைத்துக்கொள்வது என்று அப்போது பேசலாம். உங்களுக்கு வயது 19தான், அக்னிவீர் வயது வரம்பைத் தாண்ட இன்னும் காலம் இருக்கிறது.