எல்.டி.எச். கூடினால் என்ன பொருள்? நுரையீரல் புற்றுநோய் - கேள்வி பதில்

கே: அப்பாவுக்கு ஸ்மால் செல் வகை நுரையீரல் புற்றுநோய். எல்.டி.எச். 620. ‘நல்லதுக்கில்லை’ என்கிறார்கள். உண்மையா? (கரூர்)

ப: எல்.டி.எச். என்பது செல்களுக்குள் இருக்கும் ஒரு நொதி (லாக்டேட் டீஹைட்ரஜனேஸ்). பெரும்பாலான லேப்களில் இதன் இயல்பு அளவு 250-ஐ ஒட்டி முடிந்துவிடும். அப்பாவுடையது இரண்டு மடங்குக்கு மேல். கட்டியின் செல்கள் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றித்தான் வேகமாகப் பெருகுகின்றன. அவை மடியும்போது இந்த நொதி ரத்தத்தில் கசிகிறது. ஆக, எண் கூடினால் கட்டியின் சுமை அதிகம், கல்லீரல், எலும்பு என்று பரவியிருக்கவும் வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்டவர்களின் சராசரி ஆயுள் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் சராசரி உங்கள் அப்பா அல்ல. ஸ்மால் செல் கீமோவுக்குச் சட்டென்று பணியக்கூடியது. இரண்டு சுற்று கீமோ முடிந்ததும் அதே லேபில் மறுபடி பாருங்கள். அது இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

கே: எல்.டி.எச். 480. புற்றுநோயா? (ஊர் இல்லை)

ப: வயது? என்ன தொந்தரவு? எதற்காக எடுத்தீர்கள்? ஒன்றும் எழுதவில்லை. மாரடைப்பு, கல்லீரல் அழற்சி, ரத்த அணுச் சிதைவு, முந்தின நாள் கடும் உடற்பயிற்சி என்று எதிலும் இது ஏறும். பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிந்தபிறகு பேசவேண்டிய எண் இது.

கே: அறிக்கையில் ஏ.எல்.கே. பாசிட்டிவ். கல்லீரல் நொதி ஏறிவிட்டதா? (தஞ்சாவூர்)

ப: நீங்கள் நினைப்பது ஏ.எல்.பி. இது ஏ.எல்.கே., கட்டியில் உள்ள மரபணு மாற்றம். புகைக்காதவர்களிடம் அதிகம் காணப்படும். இதற்கென்றே மாத்திரைகள் உண்டு. அதாவது நல்ல செய்தியைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். கூகுளில் தேடுமுன் அறிக்கையை முழுசாகப் படியுங்கள்.

கே: வயது 56. 30 வருடமாகத் தினம் 20 சிகரெட். ‘கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்’ எடுத்தேன். எல்.டி.எச்., என்.எஸ்.இ., சி.இ.ஏ. எல்லாம் நார்மல். இனி கவலையில்லைதானே? (கோயம்புத்தூர்)

ப: இந்தப் பேக்கேஜ்களைப் பற்றி எழுதி எழுதிக் கை வலிக்கிறது. என்.எஸ்.இ.யும் சி.இ.ஏ.வும் சில புற்றுநோய்களில் ரத்தத்தில் கூடும் பொருள்கள். தொடக்க நிலையில் இருக்கும் நுரையீரல் புற்றுநோயில் இந்த மூன்றும் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். நோய் உறுதியானவருக்கு அதன் போக்கைக் கணிக்க உதவும் எண்களை, நோயே இல்லாதவரிடம் காசு வாங்கிக்கொண்டு அளந்து தருகிறார்கள். நார்மல் வந்தால் ஆள் நிம்மதியாக அடுத்த சிகரெட்டைப் பற்றவைக்கிறார். கூடி வந்தாலோ வீடே அழுகிறது. இத்தனைக்கும் சி.இ.ஏ. புகைப்பவர்களிடம் புற்றுநோய் இல்லாமலே ஏறும். அதனால்தான் பல லேப்கள் புகைப்பவருக்கு 5, மற்றவருக்கு 3 என்று தனித்தனி வரம்பு போடுகின்றன. என்.எஸ்.இ. சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது. எடுத்த ரத்தம் டியூபிலேயே சிதைந்தால் அதுவும் எல்.டி.எச்.சும் பொய்யாகக் கூடும். வெயிலில் மணிக்கணக்காகப் பைக்கில் போகும் சாம்பிளின் கதி என்ன, சொல்லுங்கள்?

உங்களுக்கு வேண்டியது குறைந்த கதிர்வீச்சு சி.டி. உங்களைப்போல் நெடுநாள் புகைத்த 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, ஆண்டுக்கொன்றாக மூன்று முறை சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. நம் நாட்டில் பழைய டிபி தழும்பும் சி.டி.யில் புள்ளியாகத் தெரிந்து குழப்பும் என்பதால், நுரையீரல் மருத்துவரைப் பார்த்தபின் எடுங்கள். அதற்கு முன் சிகரெட்டை விடுங்கள். அரசின் இலவச உதவி எண் 1800-11-2356.

கே: மாமாவுக்கு நெஞ்சில் நீர். ஏ.டி.ஏ. 18. டிபி மாத்திரை தொடங்கலாமா? பீடி பிடிப்பவர். (விருதுநகர்)

ப: டிபி என்றால், நெஞ்சு நீரில் அளக்கும் ஏ.டி.ஏ. என்ற நொதி பொதுவாக 40-ஐத் தாண்டும். 18 வேறு பக்கம் கைகாட்டுகிறது. நீரை சைட்டாலஜிக்கு (செல் பரிசோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் பயாப்சி. ‘சும்மா ஆறு மாதம் டிபி மாத்திரை’ என்று போட்டுப் பார்த்து, புற்றுநோய் முற்றியபின் வருபவர்கள் ஏராளம்.

கே: நுரையீரல் புற்றுநோய்க்கு எர்லோட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறேன். நாளுக்கு நாலைந்து சிகரெட்தான். பரவாயில்லையா? (சேலம்)

ப: புகை, கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதிகளைத் தூண்டிவிடும். புகைப்பவரின் ரத்தத்தில் இந்த மருந்து பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய மாத்திரையை நீங்களே ஊதித் தள்ளுகிறீர்கள். இன்றே நிறுத்துங்கள், நிறுத்தியதை மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும், டோஸைக் கூட்டி வைத்திருந்தால் குறைக்க வேண்டிவரும்.