ஆற்றில் மட்டி எண்ணுகிறவன், கேளுங்கள்

எனக்கு ஊர் கும்பகோணம் பக்கம். படித்தது விலங்கியல், பிழைப்பு வேறு. பதினாறு வருடமாகக் கோடையில் அரசலாற்றில் ஒரே மதகடியில் உட்கார்ந்து மட்டி, அதாவது ஆற்றுச் சிப்பி, எண்ணி நோட்டில் எழுதி வருகிறேன். அதைத் தெரிந்துகொண்டு வாரம் ஒருவராவது "வெளிநாட்டுச் சிப்பி வந்துவிட்டதாமே" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் வந்த கேள்விகளை வைத்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வலங்கைமான், விவசாயி: ஐயா, எங்கள் வாய்க்காலில் கறுப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு மட்டி கிடக்கிறது. போன வருடம் இல்லை. இது அந்த வெளிநாட்டுச் சிப்பிதானே?

இல்லை. அது நம் ஊர் மட்டி, லாமெல்லிடென்ஸ் என்று பெயர். சந்தேகம் இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். நம் மட்டி சேற்றில் பாதி புதைந்து கிடக்கும், பிடுங்கினால் வந்துவிடும். உலகத்தையே ஆட்டி வைத்த வரிக்குதிரைச் சிப்பியும் தங்கச் சிப்பியும் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும், ஆனால் வயிற்றுப் பக்கத்திலிருந்து நார் விட்டுக் கல், மரம், ஷட்டர், இன்னொரு சிப்பியின் முதுகு என்று எதிலாவது கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம், போன வருடம் இல்லை என்கிறீர்களே, போன வருடம் தேடிப் பார்த்தீர்களா? தேடாமல் இல்லை என்று சொன்னால் அதை நான் நோட்டில் ஏற்ற மாட்டேன்.

பழையாறு, மீனவர்: அண்ணே, எண்ணூர் பழவேற்காட்டுப் பக்கம் காக்கா ஆழி என்று ஒன்று வந்து இறால் பிடிப்பையே கெடுத்துவிட்டது என்கிறார்கள். கொள்ளிடத்துக்கு வருமா?

காக்கா ஆழிக்கு மைட்டெல்லா என்று பெயர், சொந்த ஊர் தென் அமெரிக்கா. கேரளத்தில் அஷ்டமுடி, வேம்பநாட்டுக் காயல்களிலும் இருக்கிறது. அது உவர்நீர்ச் சிப்பி, கல்லணைப் பக்கம் ஏறி வராது. ஆனால் உங்கள் முகத்துவாரம், பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்தி எல்லாம் அதற்குப் பாய் விரித்து வைத்த மாதிரியான இடங்கள், இதை ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. படகை ஏற்றி அடிப்பக்கம் சுரண்டும்போது என்ன விழுகிறது என்று பாருங்கள், புதிதாக எது வந்தாலும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஒன்றும் விழவில்லையா, அதையும் தேதி போட்டு எழுதுங்கள்.

மயிலாடுதுறை, கல்லூரி மாணவி: சார், ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு மட்டி எடுக்கலாம் என்றால், "நாலு மாசத்துல என்ன தெரியும்" என்று எங்கள் மேடம் கேட்கிறார். அப்படி எத்தனை வருடம் எண்ண வேண்டும்?

மேடம் சொல்வது சரிதான் அம்மா. அமெரிக்காவில் ஹட்சன் என்று ஒரு ஆறு, நியூயார்க் வழியாகக் கடலுக்குப் போவது. அங்கே கேரி இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனத்தார் 1980-களின் பிற்பகுதியிலேயே ஆற்றை அளக்கத் தொடங்கிவிட்டார்கள், அதாவது சிப்பி வருவதற்கு முன்பே. 1991-ல் வரிக்குதிரைச் சிப்பி அந்த ஆற்றில் தென்பட்டது. 1992 முடிவதற்குள் ஆற்றின் மற்ற விலங்குகளையெல்லாம் சேர்த்து எடை போட்டாலும் இந்தச் சிப்பியின் எடைக்குக் காணாது என்ற நிலை. ஒரு சிப்பி ஒரு நாளில் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டும், கோடிக்கணக்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஆற்றில் மிதக்கும் நுண்பாசியில் 80 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அதைத் தின்று வாழ்ந்த நுண்விலங்குகள் குறைந்தன, அந்த ஊரின் சொந்த மட்டிகள் பட்டினியில் சரிந்தன.

நீ 1995-ல் ப்ராஜெக்டை முடித்திருந்தால் "ஆறு செத்துவிட்டது" என்று எழுதிப் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பாய். அவர்கள் விடாமல் எண்ணினார்கள். 2000-க்குப் பிறகு சொந்த மட்டிகளில் சில இனங்களின் சரிவு நின்றது, பழைய எண்ணிக்கையில் ஒரு சிறு பங்கு என்றாலும் நின்றது. இன்னொரு வேடிக்கை, வரிக்குதிரைச் சிப்பியின் தலைக்கட்டு பெரிதாகக் குறையவில்லை, இரண்டு நாலு வருடத்துக்கு ஒரு முறை ஏறுவதும் இறங்குவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் ஆயுசு குறைந்துவிட்டது. ஆரம்பத்தில் வளர்ந்த சிப்பியில் ஏறக்குறைய பாதி அடுத்த வருடத்தைப் பார்த்தது, பதினைந்து வருடம் கழித்து நூற்றுக்கு ஒன்றிரண்டு தப்பினாலே பெரிது. நீல நண்டு தின்றது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பெரிய சிப்பிகள் இல்லாமல் பொடிசுகளாகவே நிறைந்ததால் வடிகட்டுவதும் குறைந்து, நுண்விலங்குகள் திரும்பி வந்தன. இது எண்ணிக்கையை மட்டும் பார்த்தவனுக்குத் தெரிந்திருக்காது. நீளமும் அளந்ததால்தான் தெரிந்தது.

உன் செமஸ்டர் வீண் இல்லை. ஒரு இடத்தைச் சரியாகக் குறித்து, முதல் வருடக் கணக்கை எடுத்துத் துறையில் கொடுத்துவிட்டுப் போ, அடுத்த வருடம் இன்னொரு பெண் தொடரட்டும்.

அதே மாணவி: அப்படியானால் தானாகவே சரியாகிவிடும் என்றுதானே அர்த்தம்?

சரியாகவில்லை அம்மா, வேறு மாதிரி ஆகிவிட்டது. சிப்பி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பரவிய பிறகு ஒரு பெரிய ஆற்றிலிருந்து யாரும் அதை விரட்டியதாக நான் படித்ததில்லை. ஆஸ்திரேலியாவின் டார்வினில் 1999-ல் ஒரு வெளிநாட்டுச் சிப்பியை ஒழித்தார்கள், அது கதவு போட்டு அடைக்க முடிந்த படகுத்துறை, குளோரினும் செம்பு உப்பும் கொட்டினார்கள், மற்ற உயிர்களும் சேர்ந்து செத்தன. காவிரிக்கு எந்தக் கதவைப் போடுவது?

திருவாரூர்: எப்படி எண்ணுகிறீர்கள்? நானும் ஓடம்போக்கி ஆற்றில் செய்யலாமா?

தாராளமாக. அரை மீட்டருக்கு அரை மீட்டர் பிவிசி குழாயில் சட்டம் செய்துகொள்ளுங்கள், நல்ல இடமாகப் பார்த்து வைக்காமல் கண்ணை மூடிக்கொண்டு வையுங்கள், உள்ளே இருக்கும் மண்ணை விரல் நீளத்துக்குக் கையால் துழாவி, உயிருள்ளது தனி, வெறும் ஓடு தனி என்று எண்ணி, வெர்னியரில் நீளம் அளந்து, எடுத்த இடத்திலேயே திரும்பப் புதைத்துவிடுங்கள். இப்படிப் பத்து இருபது சட்டம். புதிதாக வரும் வெளிநாட்டுச் சிப்பியைப் பிடிக்க வேறு வழி, மதகில் ஒரு கயிற்றில் சொரசொரப்பான பிளாஸ்டிக் தட்டு நாலைந்து கட்டித் தொங்கவிட்டு மாதம் ஒரு முறை தூக்கிப் பார்க்க வேண்டும். லார்வா, அதாவது நீரில் மிதக்கும் சிப்பிக் குஞ்சு, பார்க்க ஆசை என்றால் சுமார் 64 மைக்ரான் வலையில் தண்ணீரை வடித்து, மைக்ராஸ்கோப்பில் இரண்டு போலராய்டு தாளுக்கு நடுவே வைத்தால் சிலுவை போட்ட மாதிரி மினுங்கும். சில ஓட்டுப்பூச்சிகளும் மினுங்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

முக்கியமானது, ஆளையும் முறையையும் மாற்றாதீர்கள். ஒரு வருடம் எனக்குக் காய்ச்சல், நண்பரை அனுப்பினேன், அவர் காலால் துழாவியே முடித்துவிட்டார். அந்த வருடம் மட்டி பாதியாகக் குறைந்தது போல இருக்கிறது என் நோட்டில். குறைந்தது மட்டியா, அவர் சிரத்தையா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நன்னிலம்: ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடிவிட்டால் ஆறு மணல்தான். இதில் எந்த வெளிநாட்டுச் சிப்பி சார் பிழைக்கும்?

நல்ல கேள்வி, இதுதான் நமக்கு வாய்த்த பாதுகாப்பு. வரிக்குதிரைச் சிப்பிக்கு 30 டிகிரிக்கு மேல் தண்ணீர் சூடானால் தாங்காது, மே மாதத்தில் நம் குட்டைகள் அதைத் தாண்டிவிடும். ஒட்டிக்கொண்டு வாழ்வதால் நீர் வடிந்தால் ஓடவும் முடியாது, நம் மட்டி போலச் சேற்றுக்குள் இறங்கவும் தெரியாது. எனக்குப் பயம் தங்கச் சிப்பிதான். சீனா, தென்கிழக்கு ஆசியாப் பக்கத்துச் சரக்கு, வெப்பம் தாங்கும், சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரிலும் ஓடு கட்டும். 1991-ல் அர்ஜென்டினாக் கரையில் இறங்கி, ஆற்றை எதிர்த்துப் படகுகளோடு ஏறி, 2001-ல் பிரேசில், பராகுவே எல்லையில் இருக்கும் இடாய்ப்பு அணைக்குள் போய்விட்டது. 2024 அக்டோபரில் கலிபோர்னியாவிலும் கண்டுபிடித்தார்கள். ஆறு காய்ந்தாலும் மதகுக்குக் கீழே பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதே, அணைக்கரையில், மேட்டூரில், வீராணத்தில் நிற்கிறதே, அங்கேதான் தட்டு தொங்க வேண்டும்.

சீர்காழி: கூட்டுக் குடிநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளுமா?

கொள்ளிடத்தில் மணலுக்கு அடியில் கிணறு போட்டு எடுக்கிற இடங்களில் மணலே வடிகட்டி, லார்வா போகாது. ஏரி, அணையிலிருந்து நேராக இழுக்கிற குழாய்க்குத்தான் தலைவலி.

மன்னார்குடி: நன்னீர் முத்து வளர்க்கலாம் என்று வெளியூரிலிருந்து சிப்பி வாங்கப் போகிறேன். மீன் குஞ்சும் வாங்க வேண்டும். கவனிக்க வேண்டியது ஏதாவது?

உள்ளூர் மட்டியிலேயே முத்து வளர்க்கலாம், முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள் தம்பி. ஆற்று மட்டிகளின் குட்டிகள் மீனின் செவுளில் கடித்துக்கொண்டு கொஞ்ச நாள் வாழும், அதனால் மீன் போகிற இடமெல்லாம் மட்டியும் போகும். சீனத்துப் பெரிய குளத்து மட்டி ஐரோப்பாவுக்குப் போனதே புல்கெண்டை, வெள்ளிக்கெண்டைக் குஞ்சுகளோடுதான். நம் நாட்டுக்கும் 1959-ல் அதே மீன்கள் வந்தன. குஞ்சு வந்த பை நீரை வாய்க்காலில் கொட்டாதீர்கள், கரை மேட்டில் வெயிலில் கொட்டுங்கள்.

பேராவூரணி: அதையெல்லாம் விடுங்கள் அண்ணே, அரசலாற்று மட்டியைச் சாப்பிடலாமா?

சாக்கடை கலக்கிற இடத்தில் வடிகட்டுவதே வேலையாக இருக்கிற ஜீவன் அது, உள்ளே என்ன சேர்ந்திருக்கும் என்று யோசியுங்கள். எங்கள் பாட்டி காலத்தில் மிளகு போட்டு வதக்குவார்கள். நான் எண்ணுவதோடு சரி.

பாபநாசம்: என் பேரனுக்குப் பத்து வயது, உங்களோடு வந்து எண்ண ஆசைப்படுகிறான். அழைத்து வரலாமா?

வாருங்கள் அம்மா. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் திறப்பார்கள், அதற்கு முன்னால், மே கடைசி ஞாயிறு காலை ஆறரைக்கு. தொப்பி, ஒரு பென்சில். பேனா வேண்டாம், நனைந்தால் அழிந்துவிடும்.