பிச்சைக்கு உதவாத கை

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 26 வயது. பைக் மெக்கானிக். ஏழு மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுத் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இனி நடப்பது கடினம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் நடந்துவிட்டால் அங்கப்பிரதட்சணம் செய்வதாக அம்மா வைத்தீஸ்வரன் கோவிலுக்கு நேர்ந்துகொண்டு, செவ்வாய்தோறும் போய்வருகிறார். மாமாக்கள் தினமும் தன்னம்பிக்கைப் பேச்சு வீடியோக்களை அனுப்புகிறார்கள். நாங்கள் அவனை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடுவதில்லை. அப்படியும் அவன் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறான். 'நான் உங்களுக்குப் பாரம்' என்கிறான். பக்தி, அன்பு, தன்னம்பிக்கை, இவற்றில் எதுதான் அவனை மீட்கும்?

ஒரு வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

'பாரம்' என்று அவர் சொல்வதைப் பேச்சுவாக்கில் சொன்னதாக விட்டுவிடாதீர்கள். இப்படியொரு காயத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது மிகச் சாதாரணம். அதற்கு மருத்துவம் உண்டு. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்பதுபோல் பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். கொச்சிக்காரர். 1954 ஜனவரியில், உடன் பணியாற்றியவர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெரிய காயம்; இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. இருபதுகளின் கடைசியில் இருந்த இளம் டாக்டர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். அவருக்காக ஜெபிக்க ஒரு மருத்துவமனையே இருந்தது. அன்புக்கும் குறைவில்லை. கால்கள் வரவில்லை.

அங்கே பால் பிராண்ட் என்று ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர் இருந்தார். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களை, வேறு தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் முறையை வேலூரில் வளர்த்தெடுத்தவர். மேரி மறுபடி அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று சொன்னவர் அவர்தான். கையில் செய்யும் அறுவைச் சிகிச்சையை டாக்டர்கள் உட்கார்ந்துகொண்டேதான் செய்வார்கள். அப்படியானால் நாற்காலிக்குச் சக்கரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 'உன்னால் முடியும்' என்று அவர் முழங்கவில்லை. எந்த வேலைக்குக் கால் தேவையில்லை என்று தேடிப் பார்த்து, அந்த வேலையைக் கொடுத்தார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தினார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்கே தலைவரானார். 1966இல் வேலூர் பாகாயத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் திறந்தது. இன்றும் அது அவர் பெயரில் இயங்குகிறது. 1972இல் பத்மஸ்ரீ. தன்னம்பிக்கை முதலில் வந்து வேலை பின்னால் வரும் என்றுதான் வீடியோக்காரர்கள் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை வரிசை தலைகீழ். யாரோ ஒருவர் நம்பி ஒரு வேலையைக் கொடுக்கிறார், அது முடிகிறது, அதன்பின் மெல்லத் தன்மேல் நம்பிக்கை வருகிறது.

பிராண்டுக்கே இதை ஒரு நோயாளிதான் கற்றுக்கொடுத்தார். விரல்கள் நிமிர்ந்து ஊருக்குப் போனவர் சில மாதங்களில் திரும்பி வந்து, இது பிச்சை எடுக்க உதவாத கை என்று குறைப்பட்டாராம். மடங்கிய கைக்குக் காசு விழுந்தது. நேரான கைக்குக் காசும் இல்லை; தழும்பைப் பார்த்து வேலை தருவாரும் இல்லை. அதன் பிறகுதான் அங்கே 'நவஜீவ நிலையம்' எழுந்தது. பொம்மை செய்யவும் மரவேலைக்கும் பழக்கினார்கள். கையைக் குணமாக்கிவிட்டு அதற்கு வேலை கொடுக்காவிட்டால் பாதிக் குணம்கூட ஆகாது.

ஆகவே, 'ஒரு துரும்பைக்கூட எடுக்க விடுவதில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு உறுத்துகிறது. உங்கள் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் 26 வயது ஆளுக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை, ஒரு முடிவும் அவரிடம் கேட்கப்படுவதில்லை என்றால், 'பாரம்' என்பதைத் தவிர அவர் தன்னை வேறு என்னவென்று நினைத்துக்கொள்வார்?

அம்மாவின் செவ்வாய்க்கிழமைகளை நிறுத்தாதீர்கள். மகன் விழுந்ததைப் பார்த்த தாய்க்கு எங்காவது போய் அழ வேண்டும். கோவிலைவிட நல்ல இடம் இல்லை. நேர்த்தியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அவன் நடந்தால்தான் என்று வைத்திருக்கும்வரை, ஒவ்வொரு செவ்வாயும் தம்பி தோற்றவராகிறார். அம்மா பிரசாதத்தோடு உள்ளே வரும்போது அவர் ஏன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் விரும்பினால் அவரையும் அழைத்துப் போங்கள், பிரகாரத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு.

உடம்பு விஷயத்திலும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரள்வது, நாற்காலியில் இருக்கும்போது கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொள்வது, கண்ணாடி வைத்துத் தோலில் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பது, குழாய் செருகித் தானே சிறுநீரை வெளியேற்றுவது, எல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. பாகாயத்தில் கற்றுத்தருவார்கள். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கமும் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் படிக்கும்போது 1975இல் கடற்படைத் தேர்வுப் பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981இல் சொந்த ஊரில் ஒரு கொட்டகையில் ஐந்து குழந்தைகளோடு பள்ளி தொடங்கினார். தனக்கு மருத்துவம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். சக்கர நாற்காலிக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அந்த விண்ணப்பத்தையும் அவரே நிரப்பட்டும்.

தம்பி மெக்கானிக் என்று எழுதியிருக்கிறீர்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கால் வேண்டாம். நாற்காலி உயரத்துக்கு ஒரு மேசை போதும். தூக்கிக்கொடுக்கத் தெருவில் ஒரு பையன் கிடைப்பான். இடுப்புக்குக் கீழே சூடும் வலியும் தெரியாதாகையால் சூடான சைலன்சர் மட்டும் காலில் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். வீடியோ அனுப்பும் மாமாக்களிடம் இனி வண்டியை அனுப்பச் சொல்லுங்கள். கூலி எவ்வளவு என்று தம்பி சொல்வார்; உறவென்று குறைக்க வேண்டாம்.

அன்புடன்.