இரண்டு அடி தயங்கிய வீரன்

கேள்வி: எனக்கு வயது 58. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 19 வயதில், ஜாதகம் பார்த்து, பத்து நிமிடம் மட்டுமே முகம் பார்த்திருந்த ஒருவருக்குக் கழுத்தை நீட்டினேன். குறை சொல்ல முடியாத வாழ்க்கைதான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கில நாவலில் தொடங்கி, இடைக்கால ஐரோப்பாவின் கவச வீரர்களையும் கோட்டைகளையும் பற்றிய காதல் நாவல்களை நான்கு ஆண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து வருகிறேன். சண்டை வரும் பக்கங்களைத் தள்ளிவிடுவேன். அவன் அவளிடம் பேச வரும் பக்கங்களை இரண்டு முறை படிப்பேன். வரலாற்றில் முதுகலை படிக்கும் என் கடைக்குட்டி மகள், “அம்மா, அந்த வீரர்கள் எல்லோரும் குளிக்காத கொள்ளைக்காரர்கள்” என்று கேலி செய்கிறாள். செய்தித்தாளால் அட்டை போட்டு மறைத்துத்தான் வாசிக்கிறேன். இந்த வயதில் இது என்ன ஈர்ப்பு? இதில் வெட்கப்பட ஏதேனும் உண்டா? மகள் சொல்வது சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

செய்தித்தாள் அட்டையிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால், மறைத்து வாசிக்கும் வழக்கத்தில் உங்களுக்கு முன்னே மிகப் பெரிய துணை ஒருவர் இருக்கிறார். 1515-இல் ஸ்பெயினில் பிறந்து, பிற்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதராகப் போற்றப்பட்ட அவிலா தெரேசா, தம் தாயாருக்கு வீரர் கதைகள் மிகவும் பிடிக்கும் என்றும், தாமும் அந்தப் பழக்கத்துக்கு ஆளாகி இரவும் பகலும் பல மணி நேரத்தை அதில் கழித்ததாகவும், தந்தைக்கு அது பிடிக்காததால் அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்றும் தம் வாழ்க்கை வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். தம்முடைய வாசிப்பை அவர் ஒரு குற்றமாகத்தான் அங்கே ஒப்புக்கொள்கிறார். ஆனால், பல பிள்ளைகளைப் பெற்று 33 வயதிலேயே இறந்துபோன தாயைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தணிகிறது. தமக்கிருந்த பெரும் துன்பங்களை நினைக்காமல் இருப்பதற்காகவே தாய் அவற்றைப் படித்திருக்கலாம் என்கிறார். உங்கள் மகள் என்றாவது உங்களைப் பற்றி இப்படி எழுதினால் அது பெரிய மரியாதைதான்.

ஈர்ப்பு என்ன என்று கேட்கிறீர்கள். அதற்கு ஒற்றைப் பதில் இல்லை என்பதை, வீரர் கதைகளைக் கிண்டல் செய்வதற்கென்றே எழுதப்பட்ட நூலே சொல்கிறது. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1605-இல் வெளியிட்ட ‘டான் குயிக்சாட்’டின் முதற் பாகத்தில் ஒரு விடுதிக் காட்சி வருகிறது. அறுவடைக் காலத்து விடுமுறை நாட்களில் கூலியாட்கள் அங்கே கூடுவார்கள். எழுத்தறிந்த ஒருவன் கதையை உரக்கப் படிக்க, முப்பது பேருக்கு மேல் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். விடுதிக்காரருக்குப் பிடித்தவை வாள்வெட்டுகள். அவர் மனைவிக்குப் பிடித்தது கதையே அன்று. கணவர் கதையில் மூழ்கி, தம்மைத் திட்ட மறந்துபோகும் அந்த நேரந்தான் வீட்டில் தமக்கு நிம்மதி என்கிறார். பணிப்பெண்ணுக்கு, ஆரஞ்சு மரத்தடியில் தலைவி தன் வீரனின் அணைப்பில் இருக்க, தோழி ஒருத்தி பயந்துகொண்டே காவல் நிற்கும் இடங்கள் தேன். விடுதிக்காரரின் மகளோ, தந்தை ரசிக்கும் அடிதடி தனக்குப் பிடிக்காது என்றும், தலைவியைப் பிரிந்த வீரர்கள் புலம்பும் இடங்களில் தனக்கு அழுகையே வந்துவிடும் என்றும் சொல்கிறாள். சண்டைப் பக்கங்களைத் தள்ளிவிடும் நீங்கள் அந்தப் பெண்ணின் கட்சி.

உங்கள் கட்சி பழமையானது. இந்த இலக்கிய வகையே உங்கள் கட்சிக்காரர்களை மனத்தில் வைத்துப் பிறந்தது என்று சொன்னாலும் தவறில்லை. ‘ரொமான்ஸ்’ என்ற சொல் தொடக்கத்தில் காதலைக் குறிக்கவில்லை. லத்தீனில் அல்லாமல் மக்கள் பேசிய மொழியில் எழுதப்பட்டது என்பதே அதன் பொருள். லத்தீன் படிப்பு பெரும்பாலும் குருமார்களிடம் இருந்த காலத்தில், அரண்மனைப் பெண்கள் கேட்டுச் சுவைக்கக்கூடிய மொழி அது. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சின் ஷாம்பேன் பகுதியை ஆண்ட பிரபுவின் மனைவி மரீ, கிரெத்தியான் த ட்ருவா என்ற கவிஞரிடம், பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னரின் வீரர்களில் ஒருவனான லான்சலாட்டின் கதையைப் பாடச் சொன்னார். கதைப் பொருளையும் அதன் உட்கருத்தையும் தமக்குத் தந்தவர் அந்தச் சீமாட்டியே என்று கவிஞர் நூலின் தொடக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கதையில் ஒரு சிறிய நிகழ்ச்சி உண்டு. (‘நைட்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதினால் இரவுக் காட்சி நினைவுக்கு வருவதால் ‘வீரன்’ என்றே எழுதுகிறேன்.) ஆர்தர் மன்னரின் அரசி கினிவீர் கடத்தப்படுகிறாள். அவளைத் தேடிச் செல்லும் லான்சலாட் தன் குதிரையை இழந்து நடந்து வரும்போது, குள்ளன் ஒருவன் ஓட்டி வரும் வண்டியைக் காண்கிறான். கொலைகாரர்களையும் திருடர்களையும் ஊர் பார்க்க ஏற்றிச் செல்லும் அவமான வண்டி அது. அதில் ஏறியவனுக்கு அதன்பின் எந்தச் சபையிலும் மதிப்பு கிடையாது. இதில் ஏறு, அரசி என்ன ஆனாள் என்பது நாளைக்குள் உனக்குத் தெரியும் என்கிறான் குள்ளன். அறிவு வேண்டாம் என்கிறது, காதல் ஏறு என்கிறது. லான்சலாட் இரண்டே இரண்டு அடி தயங்கி நடந்துவிட்டு ஏறிவிடுகிறான். அதன்பின் வாள் முனையையே பாலமாகப் போட்டிருக்கும் ஆற்றை, கைகால்களில் இரத்தம் வழியத் தவழ்ந்து கடந்து, அவளை மீட்கவும் செய்கிறான். அரசி அவனிடம் ஒரு சொல்கூடப் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். காரணத்தைப் பின்னர் அவளே சொல்கிறாள்: வண்டியில் ஏறும்முன் நீ இரண்டு அடி தயங்கினாய்.

நீங்கள் இரண்டு முறை படிக்கும் பக்கங்களின் மூலக்கரு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். படையையே சிதறடிக்கக்கூடிய ஒருவன், ஒரு பெண்ணின் முகம் திரும்பியதற்கு முன்னால் வாயடைத்து நிற்கிறான். தன் வலிமையைக் கொண்டு அவளைப் பேசவைக்க முயலாமல், தான் செய்த பிழை என்ன என்று கேட்கிறான். வாள், கவசம், குதிரை எல்லாம் இந்த ஒரு கணத்துக்கு எடை கூட்டுவதற்காகவே சுமந்து வரப்படுகின்றன. பலமே இல்லாதவன் பணிந்து நின்றால் அதில் கதை ஏது? வலியவன் தானாகத் தாழ்ந்து, காது கொடுத்துக் கேட்பதைக் காணும் ஆசை 58 வயதில் குறைந்துவிட வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை.

உங்கள் கடிதத்தில் இருந்த ஜாதகச் செய்தி எனக்கு இன்னொன்றையும் சொன்னது. இன்றைய இடைக்காலக் காதல் நாவல்களில் மிகுதியாகக் கையாளப்படும் கதையமைப்பு, முதலில் திருமணம், காதல் அதன் பிறகு என்பதுதான். மன்னர் ஆணையிடுவார், பகைக் குடும்பத்து வீரனுக்கும் கோட்டைக்கு வாரிசான பெண்ணுக்கும் ஒருவரையொருவர் அறியாமலே திருமணம் நடக்கும், பனிக்காலம் வந்து கோட்டைக் கதவு சாத்தப்பட்டதும், இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் மெல்ல மெல்லப் படிக்கத் தொடங்குவார்கள். இன்றைய லண்டனையோ நியூயார்க்கையோ களமாகக் கொண்ட கதையில், விருப்பமில்லாத இருவரை ஒரே வீட்டில் வைத்திருக்க எழுத்தாளர் என்ன காரணத்தைத் தேடுவார்? இடைக்காலத்தில் அந்தக் காரணம் சட்டமாகவே கிடைக்கிறது. வில்லியம் மார்ஷல் என்ற புகழ்பெற்ற ஆங்கில வீரர், நிலமில்லாத இளைய மகனாகப் பிறந்து, வீரர்கள் தங்களுக்குள் மோதிப் பார்க்கும் போட்டிக் களங்களில் தோற்றவர்களைச் சிறைபிடித்து மீட்புத் தொகை பெற்றுப் பிழைத்தவர். 1189-இல், ஏறக்குறைய 43 வயதில், மன்னரின் பாதுகாப்பில் இருந்த இசபெல் த கிளேர் என்ற பெருஞ்செல்வியை மணந்தார். அந்தப் பெண்ணுக்கு வயது 17 அளவில் இருக்கும். அரசர் கொடுத்தார், அவர் பெற்றுக்கொண்டார். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதை எந்த ஏடும் பதிவு செய்யவில்லை. நாவலாசிரியர்கள் 400 பக்கம் எழுதி நிரப்புவது அந்த வெற்றிடத்தைத்தான். பத்து நிமிடம் மட்டுமே பார்த்த ஒருவரோடு ஒரு வாழ்க்கையைத் தொடங்கிய உங்களுக்கு, அந்த முதல் மாதங்களை யாரோ ஒருவர் பொறுமையாக, பக்கம் பக்கமாக எழுதிக் காட்டுவது பிடித்திருப்பதில் எனக்கு வியப்பே இல்லை.

இனி மகளின் கேலி. அவள் சொன்னதில் கொள்ளைக்காரர்கள் என்ற ஒரு பாதி உண்மைதான். 989-இல் பிரான்சின் ஷாரூ என்ற இடத்தில் கூடிய திருச்சபை ஆயர்கள் (பிஷப்புகள்), தேவாலயங்களை உடைத்துப் புகுவோரையும் ஏழை உழவர்களின் ஆடுமாடுகளைக் கவர்வோரையும் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என அறிவிக்க வேண்டியிருந்தது. ஆயுதம் ஏந்தியவர்களின் அட்டூழியம் அந்த அளவுக்கு இருந்தது. குளிக்காதவர்கள் என்ற மறுபாதியை மகள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். 1268 வாக்கில் தொகுக்கப்பட்ட பாரிஸ் நகரத் தொழிற்குழு விதிகளில், வெந்நீர்க் குளியற்கூடம் நடத்துவோருக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன.

அதைவிட முக்கியமானது, அந்தக் கதைகளை முதலில் கேட்டவர்களுக்கும் அந்த உண்மை தெரிந்தே இருந்தது என்பதாகும். மரீயின் அவையில் அமர்ந்து லான்சலாட்டின் கதையைக் கேட்ட பெண்களுக்கு, உண்மையான வீரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது உங்கள் மகளைவிட நன்றாகத் தெரியும். அவர்களுடைய கணவர்களும் சகோதரர்களும் அந்த வீரர்கள்தாமே! மகளின் வாதத்தைக் கதைக்குள்ளேயே ஒரு பெண் பேசியும் இருக்கிறாள். வால்டர் ஸ்காட் 1819-இல் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ என்ற நாவலில், காயம்பட்டுப் படுத்திருக்கும் வீரன் ஐவன்ஹோவுக்காக, ரெபேக்கா என்ற பெண் சாளரத்தருகே கேடயத்தை மறைப்பாகப் பிடித்தபடி நின்று கோட்டைப் போரைச் சொல்லிக்கொண்டே வருவாள், இந்தப் புகழெல்லாம் இறுதியில் கல்லறையின்மேல் துருப்பிடித்துத் தொங்கும் கவசந்தானே என்று அவனையே மடக்குவாள். அப்படிப்பட்டவளை விட்டுவிட்டு ஐவன்ஹோ ரொவீனா என்ற இன்னொருத்தியை மணந்ததற்காக, பள்ளி நாட்களில் அந்தக் கதையின் சுருக்கத்தைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. 1850-இல் தாக்கரே என்ற ஆங்கில நாவலாசிரியர், ஐவன்ஹோவுக்கும் ரெபேக்காவுக்கும் மணம் முடித்து ஒரு கேலித் தொடர்ச்சியே எழுதினார் என்று பின்னர் அறிந்தபோது, கோபப்பட்டது நான் மட்டும் இல்லை என்ற ஆறுதல் கிடைத்தது.

வெட்கப்பட ஏதும் உண்டா என்று கேட்டீர்கள். வாசிப்பில் இல்லை, சில நாவல்களில் உண்டு, அதுவும் எழுதியவருக்குரிய வெட்கம். குறிப்பாக 1970-களில் அமெரிக்காவில் வெளிவந்த வரலாற்றுக் காதல் நாவல்கள் பலவற்றில், தலைவன் தலைவியை வலுக்கட்டாயம் செய்வதே காதலின் தொடக்கமாகக் காட்டப்படுகிறது. அந்தக் காலம் அப்படித்தான் என்று அவற்றுக்குச் சாக்குச் சொல்வதை நான் ஏற்பதில்லை. நடைமுறையில் நெருக்குதல்கள் எத்தனையோ இருந்தாலும், மணமக்கள் இருவரின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்பது 12-ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபைச் சட்டத்தில் நிலைபெற்ற கொள்கை. கணவனின்றி வாழ விரும்பும் கைம்பெண்ணை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இங்கிலாந்து மன்னர் ஒப்புக்கொண்ட 1215-இன் உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டாவே சொல்கிறது. வேண்டாம் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்திலும் பொருள் இருந்தது. அந்தச் சொல்லைச் சிணுங்கலாக மாற்றும் நாவல் கையில் கிடைத்தால், பாதியில் மூடிவைக்கத் தயங்காதீர்கள். வாங்கிய காசுக்காக முடித்தே தீர வேண்டும் என்ற நம் வீட்டுச் சிக்கனப் புத்தி இங்கே வேண்டாம்.

எனக்கும் இந்த நாவல்களின் மேல் ஒரு குறை இருக்கிறது. தலைவிக்கு இருபது வயதைத் தாண்டவே பலர் விடுவதில்லை. வரலாறோ அவ்வளவு கஞ்சத்தனம் காட்டவில்லை. இங்கிலாந்தின் லிங்கன் கோட்டைக்குத் தலைவியாக இருந்த நிக்கோலா த லா ஹே, தமக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி ஜான் மன்னரிடம் கோட்டைச் சாவிகளை நீட்டியபோது, நீயே வைத்துக்கொள் என்று மன்னர் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1216-இல் அந்த மாவட்டத்தின் நிர்வாகப் பொறுப்பும் அவரிடம் தரப்பட்டது. மறு ஆண்டு பகைவர்கள் முற்றுகையிட்டபோது, அறுபதைக் கடந்த அந்தப் பெண்மணி கோட்டையை விட்டுக்கொடுக்காமல் காத்து நின்றார். அவரை மீட்கப் படையோடு வந்தவர், எழுபதை நெருங்கிய அதே வில்லியம் மார்ஷல். இதை யாரேனும் காதல் நாவலாக எழுதினால் முதல் படியை நான் வாங்குவேன், அட்டையும் போடமாட்டேன்.

இறுதியாக ஒரு யோசனை. கிரெத்தியானின் லான்சலாட் கதை ஆங்கில மொழிபெயர்ப்பில் எளிதாகக் கிடைக்கிறது. பெரிய நூலும் அன்று. அதை வாங்கி, வரலாற்றுப் பாடத்துக்குப் பயன்படும் என்று சொல்லி மகளிடம் கொடுங்கள். அவள் படித்து முடித்ததும், அந்த இரண்டு அடிக்காக அரசி முகம் திருப்பியது நியாயமா என்று கேளுங்கள். நான் பல முறை படித்தும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மகள் என்ன சொன்னாள் என்பதை எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.